காதுக்குப் பின்னால் எடுத்த பொத்தான்

அந்தக் குழந்தை என் அறை வாசலில் வந்து நின்று, தலையைச் சாய்த்து, வலது காதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எடுங்கக்கா," என்றாள்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "என்னத்த எடுக்க தாயி?"

"நானும் முழுங்கிட்டனுங்க. காதுல இருந்து எடுத்துடுங்க."

என் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. அவள் முகத்தில் பயம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் அவசரம் மட்டும் இருந்தது.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. நாங்கள் குடியிருந்த காம்பவுண்டின் சொந்தக்காரர்களுக்கு ஒரே பிள்ளை. மங்கலம் ரோட்டை ஒட்டிய அந்தக் காம்பவுண்டில் முன்பக்கம் அவர்கள் வீடு, பின்பக்கம் பன்னிரண்டு மெஷின் போட்ட அவர்களுடைய சின்ன பனியன் யூனிட், பக்கவாட்டில் வரிசையாக ஐந்து வாடகை அறைகள். மூன்றாவது அறை எங்களுடையது. கல்யாணம் முடிந்த கையோடு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் இருந்தார். நான் வேறொரு கம்பெனியில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர்.

கரண்ட் கட் ஊரையே ஆட்டிவைத்த வருஷம் அது. எங்கள் கம்பெனி ஜெனரேட்டர் பாதி நாள் மக்கர் பண்ணும். அப்போதெல்லாம் மத்தியானம் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் திரும்ப வரச் சொல்வார்கள். அப்படிக் கிடைத்த மத்தியானங்களில்தான் நான் காம்பவுண்டுப் பிள்ளைகளுக்கு வித்தை காட்ட ஆரம்பித்தேன்.

வடை மடித்துக் கொடுத்த ஒரு தாளில்தான் முதலில் படித்தேன். பிள்ளைகளுக்கான பக்கம் அது. வீட்டுச் சாமான்களை வைத்தே செய்யலாம் என்று மூன்று வித்தைகள் படத்தோடு போட்டிருந்தார்கள். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையால் மூடிக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டாது. தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவி, சோப்புத் தடவிய விரலால் நடுவில் தொட்டால் தூள் எல்லாம் ஓரத்துக்கு ஓடும். ரப்பர் பேண்டு இரண்டு விரலிலிருந்து அடுத்த இரண்டு விரலுக்குத் தாவும். முதலில் வீட்டுக்காரருக்குத்தான் காட்டினேன். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பாதியில் தூங்கிப்போனார். பிள்ளைகள் தூங்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள், மறுநாளும் வந்தார்கள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் எனக்குப் பிள்ளை இல்லை. ஊரிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி அதுதான். ஐந்தாறு பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் அந்தக் கேள்வி என் காதில் விழாதது போல இருக்கும்.

பொத்தான் வித்தை நானாகச் சேர்த்துக்கொண்டது. காலர் வைத்த டீசர்ட்டுக்குத் தைக்கிற வெள்ளைப் பொத்தான்கள் கொஞ்சம் ஒரு பழைய பவுடர் டப்பாவில் என்னிடம் இருந்தன. ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டுவேன். வாயில் போடுவது போல் போட்டு, கஷ்டப்பட்டு விழுங்குவேன். அது தொண்டையில் இறங்குவதை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவேன். பிறகு யாராவது ஒரு பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்து எடுப்பேன். பொத்தான் எப்போதும் விரலிடுக்கில்தான் இருந்தது. ஆனால் அந்த விழுங்கலைக் கண்ணாடி முன்னால் நின்று பல நாள் பழகியிருந்தேன். நிஜமாகவே விழுங்குவது போல இருக்க வேண்டும் என்று அவ்வளவு மெனக்கெட்டேன்.

இப்போது அவள் காதைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கையைத் துடைத்துக்கொண்டு போய், அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, பவுடர் டப்பாவிலிருந்து ஒரு பொத்தானை விரலிடுக்கில் செருகிக்கொண்டேன். திரும்பி வந்து அவள் காதுக்குப் பின்னால் கையை விட்டு அதை எடுத்துக் கொடுத்தேன்.

யோசித்துச் செய்ததில்லை. என்னால் எடுக்க முடியாது என்று சொன்னால் அவள் அழுவாள், அவள் அம்மா ஓடி வருவார், யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார். இவ்வளவும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது.

அவள் பொத்தானை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இது வெள்ளையா இருக்குதுங்க. நான் முழுங்குனது பளபளன்னு இருந்துச்சு."

"உள்ள போனா கலரு மாறிரும்," என்றேன்.

அவள் அதை நம்பினாள். பொத்தானை மூடிப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே கால். அந்த நேரத்தை நான் பார்த்து வைத்துக்கொண்டது ஏன் என்று தெரியவில்லை. பிற்பாடு அது தேவைப்பட்டது.

பளபளவென்று இருந்தது என்றால் காசாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊரில் காசு விழுங்காத பிள்ளை இல்லை. வாழைப்பழம் கொடுப்பார்கள், இரண்டு மூன்று நாளில் வெளியே வந்துவிடும். என் தம்பியே ஒருமுறை விழுங்கியிருக்கிறான். இப்படிச் சொல்லிக்கொண்டே எழுந்து போய், அறைகளுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன்.

"எங்கன இருந்து எடுத்த தாயி, நீ முழுங்குனத?"

"டிவி மேல இருந்துச்சுங்க. அப்பா கார் சாவியில இருந்து கழட்டி வெச்சாரு."

"காசு மாதிரியா இருந்துச்சு?"

"அம்பது காசு மாதிரி. ஆனா காசு இல்லீங்க."

கார் சாவிக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் ஒரு கார் சாவியை நான் கையில் வாங்கிப் பார்த்ததுகூட இல்லை. ஏதோ தகரத் துண்டு என்று நினைத்தேன். ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். இரண்டு கடி கடித்தாள். இரண்டாவது இறங்கவில்லை, தரையில் துப்பிவிட்டாள். "இங்க குத்துதுங்க," என்று நெஞ்சுக் குழியைத் தொட்டுக் காட்டினாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அதுவும் வாயோரத்தில் வழிந்தது.

அப்போதுதான் பயம் எனக்குள் முழுதாக இறங்கியது.

அவள் அம்மா பின்பக்கம் யூனிட்டில் செக்கிங் டேபிளில் இருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிற அந்த அம்மாவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். வெள்ளகோவில் பக்கம் தோட்டமும் மாடுமாக வளர்ந்தவர். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. என் அறையிலிருந்து யூனிட் வாசலுக்கு முப்பது அடி தூரம் இருந்தால் அதிகம். அந்த முப்பது அடியை நான் மூன்று முறை நடந்தேன்.

முதல் முறை குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கப் போகிறவள் போலப் போனேன். அக்கா, தரம் பார்க்க வந்த யாரோ ஒரு கியூசி ஆளிடம் பீஸ்களைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வெளி ஆள் முன்னால் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டேன். இரண்டாவது முறை அந்த ஆள் போய்விட்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்து, "என்னம்மிணி, இன்னைக்கும் கரண்ட் இல்லையா உங்க கம்பெனில?" என்று கேட்டார். "ஆமாக்கா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

என் நாக்கைக் கட்டியது எது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அறையைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரியது இன்னொன்று. பிள்ளை இல்லாதவள் அடுத்தவள் பிள்ளையை என்னவோ பண்ணிவிட்டாள் என்று சொல்வார்களே. எங்கள் ஊரில் அப்படி ஒருத்தியைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் வளைகாப்பு, காதுகுத்து எதற்கும் போனதில்லை. அந்த முகம் என் கண் முன்னால் வந்து நின்றது. குழந்தை இருமுகிற சத்தம் அதற்கு அந்தப் பக்கம் எங்கோ தூரத்தில் கேட்டது போல இருந்தது.

அப்படியே இரண்டரை மணியாகிவிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் போடலாம் என்றால், பட்டறைக்குள் இருக்கும்போது அவர் எடுக்கமாட்டார். அறைக்குள் நடந்தேன். உலையை வைத்தேன், அணைத்தேன். களைந்த அரிசி அப்படியே கிடந்தது.

மூன்றாவது முறை போனபோது குழந்தை யூனிட் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எச்சில் நிற்காமல் வழிந்து சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரமாகியிருந்தது. அக்கா ஒரு வெட்டுத் துணியால் துடைத்துக்கொண்டே, "சளி பிடிச்சிருக்குதா கண்ணு? ஏன் இப்படி வழியுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. நான் ஏதாவது செய்வேன் என்று காத்திருக்கிற பார்வை.

"அக்கா," என்றேன். "பாப்பா என்னமோ முழுங்கிட்டா. கார் சாவியில இருந்து எடுத்ததாம்."

அக்காவின் கை நின்றது. "எப்ப?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் குழந்தையைத் தூக்கிவிட்டார். ஸ்கூட்டி சாவி எங்கே என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் வண்டியை எடுக்க, நடுவில் குழந்தையை வைத்துப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். அவள் முதுகு என் வயிற்றில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கப் பார்த்தபோதும் அந்தச் சின்ன முதுகு விறைத்துத் தளர்வதை நான் வழி முழுக்க உணர்ந்தேன்.

பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வயதானவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்ப முழுங்குனா?"

"இப்பத்தானுங்க டாக்டர்," என்றார் அக்கா. "அரை மணி நேரம் கூட இருக்காதுங்க."

டாக்டர் எழுதப் போனார். நான் சுவரோரம் நின்றேன். சொல்லாமல் இருந்துவிடலாம், அது யாருக்கும் தெரியப் போவதில்லை என்று ஒரு குரல் உள்ளே சொன்னதும் உண்மைதான். ஆனால் டாக்டர் கேட்ட விதத்தில், அந்த நேரத்தை வைத்துத்தான் எல்லாம் என்பது எனக்குப் புரிந்துபோயிற்று.

"இல்ல டாக்டர். ஒண்ணே காலுக்கு முன்னாடியே முழுங்கிட்டா. எங்கிட்ட வந்து சொன்னா."

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அப்போது மணி மூன்றரை.

எல்லாவற்றையும் சொன்னேன். வித்தையை, விழுங்குவது போல நடித்ததை, வேறு பொத்தானை எடுத்துக் கொடுத்ததை, கலர் மாறிவிடும் என்று சொன்னதை, வாழைப்பழத்தை. வாழைப்பழம் என்றதும் டாக்டர் நிமிர்ந்தார். "இந்த மாதிரி நேரத்துல வாயில எதுவுமே குடுக்கக் கூடாதும்மா," என்றார். பிறகு எக்ஸ்ரேயை அக்காவிடம் காட்டினார். "காசா இருந்தா ஒரே வட்டமா தெரியும். இதுல பாருங்க, வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம். இது பட்டன் பேட்டரி. உணவுக் குழாயில மாட்டியிருக்கு. ரொம்ப நேரம் இருந்தா அங்கேயே வெந்துடும். இங்க எடுக்க முடியாது. கோயம்புத்தூருக்குப் போங்க. வழியில எங்கேயும் நிக்காதீங்க."

போன் செய்ததும் குழந்தையின் அப்பா காரோடு வந்துவிட்டார். பேட்டரி என்று கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. "அது சார்ஜ் தீந்துபோன பழசுங்க டாக்டர். அதனாலதான் கழட்டினேன்," என்றார். பழசானாலும் சுடும் என்றார் டாக்டர். அவினாசி ரோடு முழுக்கக் குழந்தையின் அப்பா ஹாரனை அடித்துக்கொண்டே காரை ஓட்டினார்.

என்னை அவர்கள் வரச் சொல்லவும் இல்லை, இறங்கச் சொல்லவும் இல்லை. குழந்தை என் விரலைப் பிடித்திருந்ததால் ஏறிவிட்டேன். அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குழந்தையின் வாயைத் துடைப்பதும், ஜன்னல் வழியாக எந்த ஊர் தாண்டுகிறது என்று பார்ப்பதுமாக இருந்தார். இருமலில் ஒருமுறை எச்சிலோடு இளஞ்சிவப்பாக ஏதோ வந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். குழந்தைக்குத் தெரியாமல் துணியை மடித்து வைத்துக்கொண்டார்.

கருமத்தம்பட்டி தாண்டும்போது குழந்தை கேட்டாள். "நீங்க காதுல இருந்து எடுத்தீங்கல்ல. அப்பறம் எப்படிங்க உள்ள இருக்குது?"

"நான் எடுக்கல தாயி. அது வேற பொத்தான். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் என் விரலை விட்டுவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்று நடந்ததிலெல்லாம் எனக்கு ஆறாத இடம் அதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. கையெழுத்து வாங்கினார்கள், ஊசி போட வந்தார்கள். அதுவரை துவண்டு கிடந்த குழந்தை நர்ஸைக் கண்டதும் திமிற ஆரம்பித்தாள். கையைக் கொடுக்கமாட்டேன் என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழ அழ இருமல் கூடியது. அழவிடாதீர்கள், அழுதால் ஆபத்து என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா கெஞ்சினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஸ்கூட்டியில் ஏறியதிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"ஏதாச்சும் வித்தை காட்டு கண்ணு. சும்மா நிக்காத."

நான் கட்டில் பக்கம் போனேன். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேண்டாங்க. இவங்க பொய் சொல்லுவாங்க."

என்னிடம் வித்தை ஒன்றும் மிச்சமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நர்ஸின் தட்டிலிருந்து ஒரு மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியை எடுத்தேன். "வித்தை காட்டல தாயி. எப்படிப் பொய் சொன்னேன்னு காட்டுறேன், பாரு," என்றேன்.

அவள் பாதிக் கண்ணால் பார்த்தாள். மூடியை வாய்ப் பக்கம் கொண்டுபோய், அது வாய்க்குள் போகாமல் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் சிக்கி நிற்பதைக் கையைத் திருப்பிக் காட்டினேன். "பாத்தியா, உள்ள போகவே இல்ல. இங்கனதான் ஒளிஞ்சிருந்துச்சு. தொண்டையக் காட்டுனது சும்மா. எச்சிலத்தான் முழுங்குனேன்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான். ஒருநாளும் நான் முழுங்குனதே இல்ல."

அவள் அழுகை நின்றது. மூடியைத் தன் விரலிடுக்கில் வைத்துப் பார்த்தாள். அது விழுந்தது. மறுபடி வைத்தாள். அந்த நேரத்தில் நர்ஸ் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து ஊசியைப் போட்டு முடித்துவிட்டார். மூடியைப் பிடித்தபடியே அவள் கண் சொருகியது. உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கதவுக்கு வெளியே நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்த நேரம் முக்கால் மணிக்குள்தான் இருக்கும். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. யாராவது வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தால் அவர் முகத்தையே பார்த்தேன். எனக்கு இனிப் பிள்ளையே கொடுக்காதே, இவளைக் கொடுத்துவிடு என்று சாமியிடம் கேட்டேன். கேட்ட உடனேயே அதற்கும் பயந்தேன்.

பேட்டரியை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்தது. குழாயில் ஓட்டை விழவில்லை, ஆனால் புண்ணாகிவிட்டது, ஆறும்போது குழாய் சுருங்கலாம் என்றார்கள். பன்னிரண்டு நாள் மூக்கு வழியாக டியூபில் பால் ஊற்றினார்கள். பிறகு கஞ்சி. நாலு மாதம் கழித்து ஒருமுறை மயக்கம் கொடுத்துக் குழாயை விரித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று ஒரு டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். அதை அவர் யாரையும் குற்றம் சொல்லவென்று சொல்லவில்லை.

யாரும் எங்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை. காம்பவுண்டில் ஒருவரும் நான் பயந்த அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் சொன்னார்களோ என்னவோ. குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு மாதம் இருக்கும், அக்கா ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீயா வந்து சொன்னதே பெருசுன்னு அவரு சொல்றாரு," என்றார். "டிவி மேல வெச்சது அவரு தப்புன்னு தினமும் பொலம்பறாரு. எனக்கு அப்படி இல்ல கண்ணு. அந்த ரெண்டு மணி நேரம் என்ற மனசுல இருந்து போக மாட்டேங்குது. நீ குடத்தத் தூக்கிட்டு வந்து நின்னயே, அப்ப உன்ற மொகத்தப் பாத்தேன். ஏன் கேக்காம விட்டேன்னு என்னையே கேட்டுட்டு இருக்கறேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. வாசலிலிருந்தே திரும்பிப் போனார்.

தை பிறந்ததும் நாங்களாகவே வேறு வீடு பார்த்துக்கொண்டு போனோம். அவர்கள் முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சுக் குழியில் குத்தியது. மறு வருஷம் எனக்குப் பையன் பிறந்தான். அவன் தவழ ஆரம்பித்ததும் நான் வீட்டை முழங்காலிட்டுக் கூட்டினேன். கட்டிலடியில், பீரோவடியில், கதவிடுக்கில் விரலை விட்டுத் துழாவினேன். வட்டமாக எது கிடைத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அவனுடைய பொம்மைகளை எல்லாம் ஸ்குரூ டிரைவர் வைத்துத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்.

ஏழு வருஷம் கழித்து, மகனோடு போயிருந்தபோது, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் அவர்களைப் பார்த்தேன். அக்காதான் முதலில் கூப்பிட்டார். பக்கத்தில் இரட்டைச் சடையும் யூனிபார்முமாக அவள் உட்கார்ந்து பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "நம்ம காம்பவுண்டுல இருந்தாங்களே, அந்த அக்கா," என்று அம்மா சொன்னதும் மரியாதைக்குத் தலையாட்டினாள். அக்கா என் மகனை அருகில் இழுத்து என்ன படிக்கிறான் என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்திருந்தேன். சின்னச் சின்னதாகக் கடித்து, நெடுநேரம் மென்று, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தபோது தட்டில் பாதிப் பப்ஸ் மிச்சம் இருந்தது. நான் எழுந்து கவுண்டரில் இன்னொரு பாட்டில் தண்ணீர் வாங்கிவந்து, மூடியைத் திருகித் திறந்து, அவள் பக்கத்தில் வைத்தேன்.

"தேங்க்ஸ்ங்க," என்றாள்.